போர்மேனுக்காக நான் சொன்ன பதில்கள்

"அவருக்குத் தலை வலிக்கிறதா?" என்று வழிகாட்டி இந்தியில் கேட்டார். வலிக்கிறது என்று போர்மேன் சற்று முன்புதான் என்னிடம் தமிழில் சொல்லியிருந்தார். "அதெல்லாம் இல்லை, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான்" என்று நான் பதில் சொன்னேன். பதினோரு வருடங்களுக்கு முன், நேபாளத்து மலையில் ஒரு தங்கும் விடுதியின் வாசலில், வெயில் இன்னும் இறங்கி வராத காலை நேரத்தில், தெரிந்தே சொன்ன பொய் அது. அன்று பொழுது சாயும்போது போர்மேன் இறந்துபோனார். எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் மேனேஜராக இருந்தேன். வேதியியலில் முதுகலை படித்தவன். எந்த உப்பு எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எந்த ஆள் எந்த நாளில் எதைச் செய்வான் என்பது வேலையாட்களை மேற்பார்த்த போர்மேனுக்குத் தெரியும். தினமும் காலையில் கேட்டில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார். காய்ச்சல்காரர், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர், தூங்காதவர், எல்லோரையும் முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "மொகம் சரியில்ல, வீட்டுக்குப் போ" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. தீபாவளிக்கு முந்திய சீசனில் ஆள் பற்றாமல் முதலாளி துடித்துக்கொண்டிருந்தாலும் அந்த வார்த்தை மாறாது. ஒருமுறை லேசான ஜுரத்தோடு நான் கலவை அறைக்குப் போனேன். வாசலில் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். "சார், வராதீக. மொகம் சரியில்ல." "நான் மேனேஜர்யா" என்றேன். "மருந்துக்கு அது தெரியாதே சார்" என்றார். பட்டாசுக் கலவையை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வோம். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அன்று கோபம் வந்தது. அவர் இருந்த காலம் வரை எங்கள் கலவை அறையில் ஒரு உயிர் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனியை ஒரு மாதம் மூடிவிடுவார்கள். அந்த ஓய்வில் பழைய ஆட்களை முதலாளி காசிக்கோ திருப்பதிக்கோ அனுப்பிவைப்பது வழக்கம். அந்த வருடம் எங்கே போகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். கல்லூரி நாளிலிருந்தே எனக்கு ஒரு ஆசை இருந்தது. விடுதி விட்டு விடுதியாக ஒன்பது நாள் நடந்து, இமயமலையில் ஒரு கணவாயைக் கடக்க வேண்டும். அறுபது வயது தொட்டுவிட்டது, இனி எப்போது என்று நினைத்தேன். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. நான் போர்மேனைக் கூப்பிட்டேன். "எனக்கென்ன சார் மலையில வேல?" என்று சிரித்தார். ஆனாலும் வந்தார். கலவை அறை வாசலில் என்னை மறித்தவருக்கு, வெளியே என் பேச்சைத் தட்டத் தெரியாது.

எங்கள் இருவருக்கும் ஒரே வழிகாட்டி. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். ஒருவருக்கு முடியாமல் போனால் இருவரும் இறங்கியாக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மேலே போகப் போகக் காற்று மெலியும், தலைவலியும் வாந்தியும் வந்தால் மறைக்கக் கூடாது, இறங்குவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது என்றும் சொன்னார். வடநாட்டு வியாபாரிகளோடு பேசிப் பழகிய இந்தி எனக்கு இருந்ததால், இதை வரிக்கு வரி போர்மேனுக்குத் தமிழில் சொன்னவன் நான்தான். அவருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அந்த மலையில் அவர் வாயும் காதும் நான்தான் என்பது அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முதல் நான்கு நாளும் நன்றாகவே நடந்தார். "இம்புட்டுக் குளுருதே சார், நம்ம யூனிட்ட இங்கன கொண்டாந்து போட்டா வேனக்காலத்துலகூட பயமில்லாமத் தூங்கலாம்" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஐந்தாம் நாள் நடக்க வேண்டிய தூரம் அதிகமில்லை. கீழ் விடுதியிலிருந்து மேல் விடுதிக்கு ஆறு மணி நேர ஏற்றம். மறுநாள் கணவாய். காலையில் போர்மேன் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார். "சார், மண்டைக்குள்ள உலக்கையால குத்துற மாதிரி இருக்கு. தின்ன ரொட்டியும் வெளிய வந்துருச்சு" என்றார். கலவை அறையில் வராத தலைவலியா, தண்ணீர் குடியுங்கள் என்றேன். அப்போதுதான் வழிகாட்டி வந்து முதல் தடவையாகக் கேட்டார். நான் சொன்ன பதிலை மேலே எழுதிவிட்டேன். அறியாமையால் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அந்த நோயின் பெயர், குறிகள், முடிவு எல்லாவற்றையும் நான் புறப்படும் முன்பே படித்திருந்தேன். போர்மேனின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்ததையும் பார்த்தேன். முகம் பார்க்க அவரிடம்தானே கற்றிருந்தேன்.

மரங்கள் தீர்ந்துபோன உயரம் அது. வெறும் கல்லும், கருகிய புல்லும், ஓரம் உறைந்த ஓடையும். பாதி வழியில் கல்லடுக்கிக் கட்டிய ஒரு தேநீர்க் குடிசை இருந்தது. அங்கே போர்மேன் கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், "சார், எறங்கிருவோமா?" என்றார். ஒரு பிழை செய்துவிட்டவர் போல, தயங்கித் தயங்கி. தன்னால் என் பயணம் கெடும் என்று அவருக்குத் தெரியும். வழிகாட்டி என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?" "டீ நன்றாக இருக்கிறதாம். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்." வழிகாட்டி போர்மேனைப் பார்த்துப் புன்னகை செய்து, விரல்களைக் காட்டி, இன்னும் மூன்று மணி நேரம் என்றார். போர்மேன் அந்த விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

கடைசி ஏற்றத்தின் அடியில் அவர் கால் பின்னத் தொடங்கியது. குடித்தவர் போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தார். மூன்றாவது முறையாக வழிகாட்டி கேட்டபோது, முட்டி வலி, பழைய தொந்தரவு என்றேன். மேல் விடுதியில் கூட்டம் அதிகம் இருக்கும், முன்னால் போய்ப் படுக்கை பிடித்து வையுங்கள், நான் மெதுவாகக் கூட்டி வருகிறேன் என்று அவரை நானே அனுப்பினேன். அவர் என் வார்த்தையை நம்பிப் போனார். விடுதிக்குக் கால்மணி நேரம் இருக்கையில் போர்மேன் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் மேலே போய்ச் சேர்ந்தேன். "அவர் எங்கே?" என்றார் வழிகாட்டி. "பின்னால் வருகிறார்" என்றேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுக் கீழே ஓடினார்.

போர்மேனை முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு அவர் இறங்க, நான் பின்னாலேயே ஓடினேன். போர்மேன் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். மலையைப் பற்றி அல்ல, யாரையோ அறைக்குள் வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தேநீர்க் குடிசையை அடைந்தபோது பேச்சு நின்றிருந்தது. வழிகாட்டி அவரைத் தரையில் இறக்கி, கண்களை மூடிவிட்டு, என்னைப் பார்த்தார். "உங்களிடம் மூன்று தடவை கேட்டேன்" என்றார். அதற்குப் பிறகு நான் ஊருக்குக் கிளம்பும் வரை அவர் என்னிடம் பேசவில்லை.

அடுத்த பொய்யை நான் ஊருக்கு வந்து சொன்னேன். இறங்கிவிடலாம் என்று நான் எவ்வளவோ மன்றாடியதாகவும், போர்மேன்தான் பிடிவாதமாக மேலே ஏறியதாகவும் அவர் மனைவியிடம் சொன்னேன். செத்தவர் மறுத்துப் பேச மாட்டார் அல்லவா. அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, "சொன்னாக் கேக்க மாட்டாரா இந்த மனுசன்" என்று சவப்பெட்டியைப் பார்த்துக் கத்தியது. அந்தக் கோபம் ஒரு நாளில் தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை. வீட்டில் படம் மாட்டினார்கள், மாலை போடவில்லை. பிள்ளைகள் நல்லது கெட்டதுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள். அப்பாவின் கடைசி நாளில் கூட இருந்தவர் என்று முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

போன வருடம் போர்மேனின் பேரனுக்குக் காதுகுத்து. ஆனைக்குட்டத்தில் தோப்புக்குள் பந்தல். மொட்டை போட உட்கார மாட்டேன் என்று அந்தப் பொடியன் புரண்டு அழுதான். போர்மேனின் மனைவி அவனைத் தூக்கி நிறுத்தி, "ஏலே, ஒங்க தாத்தன் மாதிரி பிடிவாதம் புடிக்காத. சொல்லச் சொல்லக் கேக்காம மலையேறிச் செத்தாரே, அந்த ரத்தந்தான ஒனக்கும்! வேணும்னா சார்ட்டயே கேளு" என்று என்னைக் கை காட்டியது. பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தான். என் இலையில் சோறு போட்டிருந்தார்கள். என்னால் கையை வைக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் முற்றத்தில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தது. "வாங்க சார், சாப்பிட்டீகளா?" என்று எழுந்தது. உட்காரச் சொல்லிவிட்டு, காலையிலிருந்து தேநீர்க் குடிசை வரை நடந்ததையும், ஊருக்கு வந்து நான் சொன்னதையும் சொன்னேன். வேலை செய்த கை நிற்கவில்லை, பசை தடவுவதும் உருட்டுவதுமாக இருந்தது. "எறங்கிருவோமா" என்ற இடத்தில்தான் நின்றது.

"அவரா கேட்டாரு?"

"ஆமாம்மா. அவர்தான் கேட்டார்."

"நீங்க சொல்லல?"

"நான் சொல்லல."

என்னைப் பார்க்காமல் அந்த அம்மாள் பேசியது. "பத்து வருசமா அந்த மனுசன வாய்க்கு வந்தபடி வஞ்சிருக்கேன் சார். திதி அன்னைக்குக்கூட வஞ்சிக்கிட்டேதான் சோறு வைப்பேன். நீங்க செஞ்சதுக்கு எங்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டுட்டீக. நான் யார்ட்ட போய்க் கேக்க?" மகனிடமும் மகளிடமும் நானே சொல்கிறேன் என்றேன். சொன்னேன். மகன் என்னை அடிக்கக் கை ஓங்கி, பிறகு வெளியே போய்விட்டான். இப்போது எந்த விசேஷத்துக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. அது சரிதான்.

ஆனால் அந்த அம்மாள் மட்டும் போன் செய்கிறது. மாதம் ஒரு முறை, சில மாதம் இரண்டு முறை. நலம் விசாரிப்பதில்லை. "காலையில இருந்து சொல்லுங்க சார்" என்று மட்டும் சொல்லும். நான் அந்த ஒரு நாளைக் காலையிலிருந்து சொல்வேன். அவர் என்ன போட்டிருந்தார், என்ன தின்றார், எந்த இடத்தில் சிரித்தார், எங்கே நின்றார் என்று. எதையாவது தாண்டிப் போனால் கண்டுபிடித்துவிடும். "எறங்கிருவோமா" வந்ததும் போனை வைத்துவிடும். இப்படி எத்தனை முறை என்று எனக்குக் கணக்கில்லை. போன வாரம் அந்த இடம் வந்த பிறகும் வைக்கவில்லை. "அப்புறம்?" என்று கேட்டது. நான் கடைசி ஏற்றத்துக்குப் போனேன். அவர் கல்லில் உட்கார்ந்ததைச் சொன்னேன். நான் மட்டும் மேலே போனதைச் சொன்னேன்.

"சும்மாவா ஒங்கள விட்டாரு?"

அங்கே நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. முற்றத்தில் சொன்னபோதும் தாண்டிப் போயிருந்தேன். இங்கே மேலே எழுதும்போதும் தாண்டித்தான் போனேன். உட்கார்ந்தவர் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். பேசவில்லை, பிடித்துக்கொண்டார். என்னையும் சேர்த்து இழுத்து உட்காரவைத்துவிடுவாரோ என்று பயந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் நான் போனேன். அதைச் சொன்னேன்.



"இத இம்புட்டு நாளா சொல்லலையே சார்."

"இல்லம்மா. சொல்லல."

"எந்தக் கை?"

"வலது கை."

"சரி. மேல சொல்லுங்க."