பட்டன் டப்பாவில் இருந்த பாலன்

யாருடைய சட்டையைக் கண்டாலும் அவர் கை தானாக அதன் பைக்குள் போய்விடும். கொடியில் காயும் துணி, நாற்காலியில் தொங்கும் கோட்டு, எதுவும் தப்பாது. வீட்டுக்கு வந்த மச்சான் கழற்றி மாட்டிய சட்டையிலும் ஒருமுறை கையை விட்டார். "கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே மாமா" என்று மச்சான் முறைத்ததை அந்த வீடு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். மெஷினுக்குள் போகிற துணியில் ஒரு பேனா ஒளிந்திருந்தால் போதும், நாற்பது மேசைவிரிப்பு நாசம். அதனால் அவர் தொட்டுப் பார்க்காத பை உள்ளே போகாது. அங்கே அவருக்குப் பெயரே 'சோதனைச்சாவடி'. அவர் சோதிக்காமல் விட்ட பை ஒன்றே ஒன்றுதான்: தன்னுடையது. பஸ் டிக்கெட்டைத் தவிர அதில் என்ன இருந்துவிடப் போகிறது?

வீட்டில் டிசம்பர் முதல் தேதி டிவிக்கு மேல் கிறிஸ்துமஸ் குடில் ஏறிவிடும். ஆனால் மாதாவும் சூசையப்பரும் கழுதையும் அன்றே அங்கு போய்ச் சேர மாட்டார்கள். வாசலில் செருப்பு அலமாரியில் கிளம்பி, ஜன்னல் விளிம்பு, பிரிட்ஜ் என்று ஒரு நாளைக்கு ஒரு சாண் நடந்து வருவார்கள். நகர்த்துவது நாலு வயது மகள். "இன்னைக்குக் கழுதைக்குக் கால் வலி" என்று ஒரு நாள் லீவு விட்டாள். மறுநாள் இரண்டு சாண் நடக்கவைத்துக் கணக்கை நேர்செய்தாள். பாலன் இயேசு மட்டும் இருபத்தைந்தாம் தேதி விடிந்த பிறகுதான் வைக்கோல் தொட்டிலுக்கு வருவார். கட்டைவிரல் உயரப் பிளாஸ்டர் பொம்மை. அதுவரை அவரைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு அந்த வருஷம்தான் முதல்முறையாக மகளிடம் வந்தது. "என் பாப்பா" என்று சொல்லி, யாரையும் தொடவிடவில்லை.

இருபத்துநாலாம் தேதி காலை, அழுக்குச் சீருடைகளைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார். நல்ல குளிர்.

"அப்பா, பையைக் குலுக்காதீங்க!" என்றாள் மகள்.

"ஏன், உள்ள முட்டையா இருக்கு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு மெஷினைத் திறந்தால், துணியெல்லாம் வெள்ளை மாவு. "எவன் சட்டைடா இது?" என்று கத்திக்கொண்டே ஒவ்வொன்றாக உதறினார். கடைசிச் சட்டையின் பையிலிருந்து பருப்பு அளவில் ஒரு பிளாஸ்டர் பாதம் விழுந்தது. சட்டை அவருடையது.

"சோதனைச்சாவடியே கடத்தல்ல மாட்டிக்கிச்சு டோய்!" என்று ஒருவன் கூவ, சலவைப் பிரிவே சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் எழுந்ததும் பாலனைத் தொட்டிலில் வைக்கப்போகிறோம் என்று இருபத்துநாலு நாள் கழுதையை நடத்தி வந்தவளிடம் என்ன சொல்வது?

சாப்பாட்டு நேரத்தில் வேறொரு பாலனைத் தேடிக் கடை கடையாக ஓடினார். "இன்னைக்கு வந்து கேட்டா எப்படிங்க? ஆடுதான் மிச்சம் இருக்கு, வேணுமா?" என்றார் ஒரு கடைக்காரர்.

வெறுங்கையோடு திரும்பி, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியவரை, மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பெண் கூப்பிட்டாள். ஒப்பந்த வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவளை எல்லாரும் பட்டன்காரம்மா என்பார்கள். அவர் அவளிடம் நாலு வார்த்தை பேசியதில்லை. பட்டன் டப்பாவைத் திறந்து, அடியில் கையை விட்டு, பஞ்சில் சுற்றிய ஒரு மரப் பாலனை எடுத்து நீட்டினாள்.

"கொண்டுபோங்கண்ணே."

"உங்களுக்கு?"

"நான் பாத்துக்கறேன். ஜனவரி ஆறாம் தேதி குடிலைக் கலைச்சதும் ஞாபகமாத் திருப்பிக் கொடுத்துடுங்க. போங்க, பஸ் போயிடும்."

வீட்டுக்குள் கால் வைத்ததும் மகள் ஓடிவந்தாள். "அப்பா, பாப்பாவுக்கு அங்க கதகதன்னு இருந்துச்சா? இங்க குளிருதுன்னுதான் உங்க சட்டையில படுக்கவெச்சேன்."

போனிலேயே விஷயம் தெரிந்திருந்த மனைவி பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள்: எதையாவது சொல்லிச் சமாளிங்க. அவருக்கும் பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் குளிருமே என்று யோசித்தவளை ஏமாற்ற மனம் வரவில்லை. கீழே உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். "உன் மேல தப்பில்லம்மா. எல்லார் பையையும் பாக்கிற அப்பா, தன் பையைப் பாக்கல."

அழுதாள், நன்றாகவே அழுதாள். ஓய்ந்ததும் மரப் பாலனைப் பார்த்து, "அப்ப இது யாரு?" என்றாள்.

"வேற வீட்டுப் பாலன். ஆறாம் தேதி வரைக்கும் நம்மகூட இருப்பார்."

"விருந்தாளியா?" மூக்கை உறிஞ்சினாள். "அப்ப நல்ல போர்வையாக் கொடுக்கணும்."

மறுநாள் விடிந்ததும் அப்பாவின் கைக்குட்டையை விரித்து அவளே படுக்கவைத்தாள். பாலன் கொஞ்சம் நெட்டை. கால் தொட்டிலுக்கு வெளியே நீண்டது. "நம்ம மாமா மாதிரியே தூங்குறார்" என்றாள். மனைவி சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது.

ஆறாம் தேதி, பாலனைப் பஞ்சில் சுற்றி எடுத்துப்போனார். மூலையில் நாற்காலி காலி. முந்தின நாளோடு ஒப்பந்தத்தைத் திடீரென்று முடித்து அவளை அனுப்பிவிட்டார்களாம். அலுவலகத்தில் கொடுத்த போன் எண்ணும் உபயோகத்தில் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில்தான் அவருக்கு உறைத்தது. வீட்டுப் பொருளை வேலை செய்கிற இடத்தில் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்? வீட்டில் முன்கூட்டியே தேடிப்பிடிக்கிற ஒரு சின்னக் கை இருந்தால்தானே? கிறிஸ்துமஸ் காலையில் அந்தக் கை தொட்டிலில் எதை வைத்தது? 'உங்களுக்கு?' என்று கேட்டவர், 'உங்க வீட்டுல குழந்தை இருக்கா?' என்று ஏன் கேட்கவில்லை?

பதினாறு வருஷம் ஆகிவிட்டது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஒவ்வொரு டிசம்பரிலும் ஓட்டல் ஓட்டலாகத் தையல் பிரிவில் போய் விசாரிக்கிறார். போன வருஷம் மகள் பாலனைப் படமெடுத்து, 'இவர் உங்கள் வீட்டுக்காரரா?' என்று போனில் ஊரெல்லாம் அனுப்பினாள். இரண்டு பேர் கூப்பிட்டார்கள். இரண்டு பேருமே பட்டன்காரம்மா இல்லை.

"மூணாவது ஆள் கூப்பிடுவாங்கப்பா" என்கிறாள் மகள்.

"கூப்பிடுவாங்க" என்கிறார் அவரும், சந்தேகமே இல்லாமல். பாலனை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.