பல் விட்ட சுவர்

முந்தல் ஊரில் எங்கள் வீட்டின் கடைசிச் சுவரோடு சேர்த்து, என் மகளுக்கென்று மேசன்பாஸ் இன்று ஒரு பகுதி கட்டுகிறார். நனைந்த செங்கல்லின் மணம் என்னைச் சின்ன வயதுக்கு இழுத்துப்போனது.

பூட்டனார் கட்டிய உருண்டைத் தூண் வீடு அது. பெண்பிள்ளைகளோடு சேர்ந்து அதுவும் நீண்டது. ஒருத்திக்குக் கலியாணம் பேசினால் பக்கத்தில் ஒரு பகுதி எழும்பும், தனி முன்வாசலோடு. தெருவில் நின்றால் பெரியும்மாவின் கூரையில் பீலி ஓடுகளும் உம்மாவின் கூரையில் தட்டை ஓடுகளும் தெரியும். அதற்கப்பால், அடுத்த சுவரைக் கவ்விப் பிடிப்பதற்காகச் செங்கற்கள் பல்லுப்பல்லாக நீட்டிக்கொண்டு நின்றன. உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சிக்காக விட்ட பல் அது. அவருக்கு மாப்பிள்ளை அமையவே இல்லை. தெருவால் போகிறவர்கள் அந்தப் பல்லைப் பார்த்துவிட்டு உம்மாவிடம் சாச்சியின் கலியாணத்தைப் பற்றிக் கேட்பார்கள்.

“பார்க்கச் சரியில்ல. உடைச்சுப் பூசிடுவம்” என்றார் மாமா.

“எனக்கெண்டு விட்டதுதானே? நானே கட்டுறேன்” என்றார் சாச்சி.

கட்டினார். தெருவைப் பார்த்து அகலமான கதவு வைத்து, உள்ளே தையல் மெசின்களைப் போட்டார். ஊரின் பெருநாள் உடுப்பெல்லாம் அந்தக் கதவால்தான் வெளியே வந்தன.

இன்று மாலை புதுச் சுவரின் முனைக்கு வந்த பாஸ், “இதோட முடிச்சுப் பூசவா?” என்று என்னைக் கேட்டார். கதிரையில் இருந்த சாச்சி முந்திக்கொண்டார்.

“பல்லு விடுங்க பாஸ். காணி இன்னும் கெடக்குதானே.”