"சுத்திட்டே" என்றேன்

செங்கல்பட்டில் ஜில்லா விளையாட்டுப் போட்டி நடந்தால் நானும் என் சிநேகிதனும் கேமராவோடு போய்விடுவோம். என்னுடையது அப்பா மதராஸில் வாங்கித் தந்த உயர்ந்த ரகம். அவனுடையது வெறும் பெட்டி கேமரா. ஆனாலும் என் படத்தில் ஓடுகிறவன் கால்கள் புகையாகத்தான் விழும். அவன் படத்தில் தாண்டுகிறவன் அந்தரத்தில் அப்படியே நிற்பான்.

"மேல போய்க் கீழ வர்றதுக்கு முன்னாடி ஒரு நொடி நிப்பான் மச்சான், அப்ப அமுக்கு" என்று அவனே எனக்குச் சொல்லிக் கொடுத்தான். கேட்டும் எனக்குக் கைவரவில்லை. அதுதான் என்னை அரித்தது.

எங்கள் கேமராக்களில் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பிலிமைக் கையால் சுற்ற வேண்டும். மறந்தால் ஒரு படத்தின் மேலேயே இன்னொன்று விழும். அதனால் ஒருவன் எடுத்ததும் மற்றவன் "சுத்து" என்று சொல்வது எங்கள் வழக்கம்.

அந்த வருஷம் ஒரு மதராஸ் பத்திரிகை, போட்டியில் எடுத்த படங்களில் சிறந்த ஒன்றைப் போடுவதாகச் சொல்லியிருந்தது.

"பேப்பர்ல வந்துச்சுன்னா நைனா ஸ்டுடியோ வைக்க வுட்டுடுவாரு. இல்லாங்காட்டி அவரோட ஜவுளிக்கடையிலயே குந்திகினு கெடக்க வேண்டியதுதான்" என்றான் சிநேகிதன்.

இரும்புக் குண்டு எறிந்த போலீஸ்காரர் ஒருவரை அவன் எடுத்தான். அவர் நேரே வந்து, "எனக்கு ஒரு காப்பி குடுத்துடுப்பா" என்று பிடித்துக்கொண்டார். பேச்சில் அவன் சுற்றவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் மாமல்லபுரத்து மீனவ இளைஞன் ஒருவன் ஊன்றித் தாண்ட மூங்கில் கழியோடு ஓடி வந்தான். சிநேகிதன் கேமராவைக் குனிந்து பார்த்தபடியே கேட்டான்.

"சுத்திட்டனா மச்சான்?"

"சுத்திட்டே."

கழியை விட்டுவிட்டுக் குறுக்குக் கம்புக்கு மேலே அந்த மீனவன் படுத்தாற்போல் நின்ற நொடியில் சிநேகிதன் அமுக்கினான்.

கழுவிப் பார்த்தபோது, தாண்டியவன் போலீஸ்காரரின் தொப்பைக்குள் இருந்தான். "பாரு மச்சான், கரெக்டா தொப்புள்ல பூந்துட்டான்!" என்று சிநேகிதன் சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "நீ இன்னா பண்ணுவே? என் டப்பாவ நான்தானே பாத்துக்கணும்."

பத்திரிகையில் என் படம் வந்தது. கோப்பைகளோடு வரிசையாக நிற்கிறவர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஸ்டுடியோ பேச்சை அவன் அப்பா மறுபடி எடுக்க விடவில்லை. அவன் என் படத்தை வெட்டி ஜவுளிக்கடைச் சுவரில் ஒட்டினான். புடவை எடுக்க வந்தவர்களிடமெல்லாம், "நம்ம மச்சான் எடுத்தது" என்று காட்டினான்.

அதைப் பார்த்தும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். இன்னொருவன் படத்தை அப்படி மனசாரக் காட்ட எனக்கு வராது. வெட்கம் பிறகுதான் வந்தது. அவன் இருந்தவரை அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. அந்தக் கடை இருந்த தெருவை விட்டுவிட்டு, சுற்றுவழியில் ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன்.