கொடிக்கயிறு சொன்ன மழை

காட்டூரில் ‘பிச்சமுத்து பந்தல் அமைப்பகம்’ என்று போர்டு தொங்குகிறதே, அந்தப் பிச்சமுத்து நான்தான். இருபத்தாறு வருடமாகக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பந்தல் போடுகிறேன். அதாவது, போடச் சொல்கிறேன். மேலே ஏறிக் கட்டுவது என்னிடம் வேலை செய்கிற ஆசீரும் மற்ற ஆட்களும். நான் கீழே நின்று, “அந்த முடிச்சை இறுக்குப்பா, தூங்குறியா?” என்று சத்தம் போடுவேன். முதலாளி என்றால் இப்படித்தான் இருப்பார் போல என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விஷயம் வேறு. ஏணியில் நாலாவது படியைத் தாண்டினால் எனக்குக் கால் நடுங்கும்.

இது என் வீட்டுக்கே தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். மலைக்கோட்டைக்குப் போனால் எல்லோரும் உச்சிப்பிள்ளையார் வரை ஏறுவார்கள். நான் கீழே செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருப்பேன். பெரிய தியாகம் செய்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

என் மனைவி ஆனந்தவள்ளிக்கு ஒரே ஓர் ஆசை. குடும்பத்தோடு பச்சைமலையில் நடந்தே ஏறி, உச்சியில் நின்று கீழே பார்க்க வேண்டும். புரட்டாசியில் கல்யாணம் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. அதனால் ஒவ்வொரு புரட்டாசியிலும் கேட்பாள். நானும் கொல்லைக்குப் போய்த் துணி காயப்போடும் சணல் கொடிக்கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கயிறு விறைச்சுக் கிடக்கு ஆனந்தி, மழை வரும்” என்பேன். காற்றில் ஈரம் ஏறினால் சணல் விறைத்துக்கொள்ளும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கயிறு தொளதொளவென்று தொங்கிய வருடங்களிலும் நான் அதையேதான் சொன்னேன். இப்படிப் பத்தொன்பது புரட்டாசி போயிற்று.

இந்த வருடம் அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, போகப் போக மாடிப்படி ஏறுவதே சிரமம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் சண்டை போடவில்லை. “இந்தத் தடவையும் இல்லன்னா இனிமே கேக்க மாட்டேங்க” என்று மட்டும் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். இதற்குச் ‘சரி, போகலாம்’ என்று தலையாட்டிவிட்டேன்.

கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போலக் கொல்லைக்குப் போனேன். கயிற்றைத் தொட்டால் இரும்புக்கம்பி மாதிரி இருக்கிறது. நிஜமாகவே மழை வரப்போகிறது! பத்தொன்பது வருடம் பொய் சொன்னவனுக்கு உண்மை சொல்ல ஒரு வாய்ப்பு. ஓடி உள்ளே வந்தேன். ஆனந்தவள்ளி தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, புளிசாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். மகள் ரஞ்சனி ஷூ மாட்டிக்கொண்டே, “என்னப்பா, கயிறு என்ன சொல்லுது?” என்று கிண்டலாகக் கேட்டாள்.

“மழையா? சான்ஸே இல்ல” என்றேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் பிடித்து, அங்கிருந்து மினி பஸ்ஸில் அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். பை என் தோளில். “உள்ள கல்லையா வெச்சிருக்கே?” என்று முனகிக்கொண்டே ஏறினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. வளைவு வரும்போதெல்லாம் மலைப்பக்கமாக ஒதுங்கி, பெரிய தாவர ஆராய்ச்சியாளன் மாதிரி மரங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஆனந்தவள்ளி ரஞ்சனியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்தாள்.

பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டோம். இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடம் கொட்டித் தீர்த்தது. ஒரு பாறை ஓரமாக ஓடி ஒண்டினோம். குடோனில் அறுபது தார்ப்பாய் வைத்திருக்கிறவன் மலையில் தொப்பலாக நனைகிறேனே என்று வெட்கமாக இருந்தது.

“பையைத் திறங்க” என்றாள் ஆனந்தவள்ளி.

புளிசாதத்துக்கு அடியில் என் குடோன் தார்ப்பாய், நாலாக மடித்து வைத்திருந்தது. மூன்று பேரும் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

“மழை வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“தினம் அந்தக் கயித்துல துணி காயப்போடுறது யாரு, நீங்களா? இன்னைக்கு விறைச்சிருந்ததும் தெரியும். பத்தொன்பது வருஷமா அது எப்பெப்ப தொங்கிக் கிடந்துச்சுன்னும் தெரியும்.”

ரஞ்சனி சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத் தார்ப்பாய்க்குள்ளேயே எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

“அப்புறம் ஏன் இன்னைக்கு வராதுன்னீங்க?” என்றாள் ஆனந்தவள்ளி.

“நீ பூ வெச்சிருந்தியே” என்றேன்.

அவள் தார்ப்பாயின் ஓரத்தை என் பக்கம் இழுத்துவிட்டாள். பிறகு, “மலைக்கோட்டையில செருப்பு பாத்துக்க ஆள் இருக்கு, டோக்கன் கூட குடுக்குறாங்க. நீங்க எதுக்குக் காவல் உக்காருறீங்கன்னு எனக்குத் தெரியாதா? பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மெதுவாக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே. அப்ப என் முட்டியும் நல்லா இருந்துச்சு” என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது. நான் ஒளித்தது என் பயத்தை. வீணாய்ப் போனது அவளுடைய நல்ல வருடங்கள்.

மழை தூறலாகக் குறைந்ததும் ரஞ்சனி, “அம்மா, இறங்கிடலாமா?” என்று கேட்டாள். ஆனந்தவள்ளி என்னைப் பார்த்தாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே நடந்தேன்.

மலையெல்லாம் மூடுபனி. நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அதைவிட என்ன வேண்டும்? பள்ளமே கண்ணுக்குத் தெரியாததால், வீரன் மாதிரி முன்னால் நடந்து, “பாத்து வாங்க, வழுக்கும்” என்று உத்தரவெல்லாம் போட்டேன். அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒருவழியாக உச்சி.

நின்ற கொஞ்ச நேரத்தில் காற்று அடித்தது. பனி அப்படியே விலக, காலுக்குக் கீழே உலகமே திறந்துகொண்டது. பக்கத்துப் பாறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனந்தவள்ளி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ண மூடிக்கிங்க. நான் பாத்துச் சொல்றேன்” என்றாள்.

மூடிக்கொண்டேன்.

“ஏரி ஒண்ணு தெரியுதுங்க. ரோட்டுல ஒரு பஸ் போவுது, தீப்பெட்டி கணக்கா. அந்தாண்ட வயலு, வரப்பெல்லாம் கோடு கோடா…”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் கையை விடவில்லை.