ஹேமாவதி டீச்சரின் கையும் யுவராணியின் கண்ணும்

கரையான்சாவடியில் யோகக் கலை முகூர்த்த நாட்களுக்குக் கட்டுப்பட்டது. வகுப்பு நடப்பது கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். ஆடியிலும் மார்கழியிலும் ஆன்மிகம் தடையின்றி வளரும். தை பிறந்தால் சாம்பார் அண்டாவுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இந்தப் பெரும்பணியைத் தனியாளாகத் தாங்கி வந்தவர் ஹேமாவதி டீச்சர்.

பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இதே ஊர்தான். பிரசவத்துக்குப் பின் வந்த முதுகுவலியில் படுத்துவிட்டவரை யோகாதான் எழுப்பி உட்கார வைத்தது. வலித்தது, பொறுத்தார், குணமானது. அதிலிருந்து ஒரு சித்தாந்தம் பிறந்தது: வலித்தால்தான் வழி பிறக்கும். தன் முதுகுக்குப் பொருந்தியது பூந்தமல்லி வட்டாரத்து முதுகுகள் அனைத்துக்கும் பொருந்தும் என்று நம்பினார். மறுத்துப் பேச அந்த முதுகுகளுக்கு வாயில்லை.

சித்தாந்தத்துக்குள் அடங்காத ஒரே ஆள் யுவராணி. மண்டபத்துக்கு எதிரே கடை வைத்து ஜாக்கெட் தைப்பவள். கனத்த உடம்பு, முழங்கால் மடங்காது. டீச்சர் பெருங்கருணையோடு கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "முதல்ல எடையக் கொறைச்சுட்டு வாம்மா. அதுவரைக்கும் பாத்துகினே இரு. பாத்தாலே பாதி வந்துடும்" என்றார். அதைக் குறைக்கத்தானே வந்தேன் என்று கேட்கும் துணிச்சல் யுவராணிக்கு இல்லை. சொன்னபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலை சொர்ணம் கால்களை நீட்டி உட்கார்ந்து, குனிந்து கட்டைவிரலைத் தொட முயன்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. நின்றே இறுகிய இடுப்பு.

"போதும் மேடம், இதுக்கு மேல வராது."

"வரும்" என்று டீச்சர் அவர் முதுகில் கை வைத்து அழுத்தினார்.

வந்தது. "எம்மாடியோவ்! அக்கா இன்னாமா வளையுது!" என்று பின்னாலிருந்து யுவராணி வாய்விட்டு வியந்தாள். அதே நொடியில் சொர்ணத்தின் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. ஆட்டோவின் பின்சீட்டில் படுக்கவைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது.

விசாரணை அங்கேயே நடந்து, தீர்ப்பும் வந்தது. "தெனம் சேர்ல ஒக்காந்துகினு வெறிக்க வெறிக்கப் பாத்தா பின்ன இன்னா ஆவும்?" என்றார் மூத்த மாணவி தாட்சாயிணி. கண்ணைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். கையைப் பற்றி யாரும் பேசவில்லை. கைக்குச் சொந்தக்காரரும் பேசவில்லை.

சொர்ணத்துக்குச் சுற்றிப் போட்டபோது டீச்சரும் போய் நின்றார். மிளகாயை நெருப்பில் போட்டார்கள், நெடி ஏறவில்லை. "பாத்தியா, கமறவே இல்ல! எம்மாம் பொல்லாத கண்ணு!" என்றார் தாட்சாயிணி. ஜன்னல் திறந்திருந்ததும் ஃபேன் சுழன்றதும் சாட்சியமாக ஏற்கப்படவில்லை. "நீங்க வந்ததே பாதி தெம்பு மேடம்" என்று சொர்ணம் படுத்தபடியே டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். அழுத்திய அதே கை.

அந்த வாரமே பெண்கள் தைக்கக் கொடுத்த துணிகளை யுவராணியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவள் நாற்காலி காலியானது. குற்ற உணர்ச்சிக்கு என்ன ஆசனம் என்று டீச்சர் தேடினார். சவாசனத்தில் கண்ணை மூடினால் எதிர்க்கடைதான் தெரிந்தது. கடைசியில் சாஸ்திரத்தில் இல்லாத பரிகாரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்: தேவையே இல்லாத ஜாக்கெட்டுகளை மாதக்கணக்கில் தைக்கக் கொடுத்தார்.

ஒருநாள் யுவராணி கலங்கிவிட்டாள். "ஊரே ஒதுக்குது. நீங்க ஒருத்தர்தான் நம்பி வர்றீங்க. என் கண்ணு மெய்யாலுமே அப்படித்தான் போல டீச்சர். எங்கக்காவுக்குக் கொழந்த பொறந்துகீது. இன்னும் போய்ப் பாக்கல. பயமா கீது."

டீச்சரால் அளவு கொடுக்க நிற்க முடியவில்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னார்: "கண்ணு இல்ல. என் கைதான். அவங்க போதும்னாங்க, நான் அழுத்துனேன்."

கூடம் நெகிழ்ந்தது. "அவ பழியத் தன் தலையில போட்டுக்கிறாங்க பாரு! இன்னா பெரிய மனசு!" என்று தாட்சாயிணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவத்தை ஒப்புக்கொண்டவருக்குப் புண்ணியம் ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது. அதைச் சுமந்தபடி டீச்சர் சொர்ணத்தின் வீட்டுக்குப் போனார்.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றார் சொர்ணம், சுவரைப் பிடித்து நடந்து பழகியபடியே. "முதுகு என்னுதாச்சே. சொல்லிக் குடுக்குறவங்களச் சொன்னா பாவம்னு வாய மூடிக்கினேன். அந்தப் பொண்ணத் திட்டுறாங்கன்னு தெரிஞ்சும் மூடிக்கினேன். அது பெரிய பாவம்."

இருவருமாக ஆட்டோவில் கடைக்கு வந்தார்கள். தெருவே பார்க்க, சொர்ணம் யுவராணியிடம் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தார். டீச்சர் நடந்ததைச் சொன்னார்.

யுவராணி டேப்பைச் சுருட்டி வைத்தாள். "மொத மொதல்ல துணி குடுக்க வந்தப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும்."

"கொழந்தைக்கு மூணு மாசம் ஆவுது."

யுவராணி கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

இப்போது வகுப்பு வேறு மாதிரி. தரையில் முடிந்தவர்கள் தரையில், முடியாதவர்கள் நாற்காலியில், சொர்ணம் சுவரோரம். போதும் என்றால் போதும். "கல்யாணத்துக்கு வந்தா மாதிரி ஒக்காந்துகீறாங்க" என்று தாட்சாயிணி முணுமுணுப்பதுண்டு. யாரைத் தொடுவதானாலும் டீச்சர் முதலில் கேட்கிறார்.

யுவராணியும் வருகிறாள், முன்வரிசைக்கே. நாற்காலியில் அமர்ந்தபடி கைகளை மேலே தூக்குகிறாள். தோள் கொஞ்சம் கோணுகிறது.

"கை வைக்கலாமா?" என்கிறார் டீச்சர்.

"வேணாம் டீச்சர்."

டீச்சர் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போகிறார்.