சூடாக இருந்த பானெட்

எங்கள் ஆலையில் காலை ஷிஃப்ட் தொடங்கியதும் யாரும் உடனே அளவு பார்க்க மாட்டோம். கடைசல் இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு, சூடேறிய பிறகு வரும் பீஸைத்தான் கையில் எடுப்போம். குளிர்ந்த இயந்திரம் தரும் அளவை நம்பக்கூடாது. ஓசூரில் தர ஆய்வுப் பிரிவில் இத்தனை காலம் குப்பை கொட்டியதில் என் உடம்பிலேயே ஊறிப்போன பாடம் அது. அதை வைத்தே என் அண்ணன் என்னை ஏமாற்றினான்.

சர்வீஸ் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் என் இடது முட்டியில் பிளேட் வைத்திருக்கிறார்கள். பஸ் படி ஏறுவது பெரும்பாடு. கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சூளகிரியில் தனியாக இருக்கும் என்னை வேலைக்குக் கொண்டுவிட்டு, திரும்பக் கூட்டிவந்தது அண்ணன்தான். மழையில் நனைந்துகொண்டு ஆலை வாசலில் பைக்கோடு நிற்பான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவன் வரத் தாமதமாகும் நாட்களில், எல்லோரும் போன பிறகு நான் ஒருத்தி மட்டும் கேட் ஓரம் யாரும் வாங்க வராத பார்சல் மாதிரி கிடப்பேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. இடது காலுக்கு வேலையே இல்லாத ஒரு ஆட்டோமேட்டிக் கார் கிடைத்தால் போதும், பழசானாலும் சரி, நானே போய் நானே வந்துகொள்வேன். என் ஆசை அவ்வளவுதான்.

காரையும் அண்ணன்தான் சொன்னான்.

"தேன்கனிக்கோட்டையில எங்க மாமனார் வண்டி சும்மா நிக்குது பாப்பா. வெளிய யாருக்கோ போறதுக்கு நீயே எடுத்துக்கோ. வீட்டு வண்டி, நம்பி ஏறலாம்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். போனோம் என்பது தவறு. அவன் முதல் நாளே மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான், எனக்குத் தெரிந்த ஆட்டோ ஒன்றை அனுப்பினான். எப்போதும் கூடவே வருகிறவன் அன்று ஏன் வரவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாட்டுக்கொட்டகை ஓரம் கர்நாடகா நம்பரோடு அந்த வெள்ளி நிறக் கார் நின்றிருந்தது. நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. டயர்கள் ஒரே சீராகத் தேய்ந்திருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தேன். கதவுகளின் இடைவெளியை விரல் வைத்துப் பார்த்தேன். காலடி விரிப்பைத் தூக்கி ஈர வாடை இருக்கிறதா என்று முகர்ந்தேன். மாமனார் காபியை ஆற்றிக்கொண்டே, "மாப்பிள்ள பாக்க வந்தவங்க கூட இப்படிப் பாக்கமாட்டாங்கம்மா" என்றார். எல்லோரும் சிரித்தோம். பானெட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது.

"யாராவது ஓட்டுனீங்களா?"

"நாந்தான் பாப்பா. ஆட்டோமேட்டிக் கியர் ஆயில சூட்டுலதான் பாக்கணும். நீ வந்து காத்துக்கிட்டு நிக்க வேணாம்னு முன்னாடியே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தன்."

அவன் சொன்னது பொய் இல்லை. அந்த ரகக் காரில் கியர் ஆயிலை அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயில் சிவப்பாக இருந்தது, தீய்ந்த வாடை இல்லை. எங்கள் ஆலையில் செய்வதைப்போல எனக்காக வண்டியைத் தயார் செய்து வைத்திருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்துபோனது. ஓட்டினேன். கியர் மாறுவதே தெரியவில்லை. விபத்துக்குப் பிறகு முதல் முறையாக ஸ்டியரிங் பிடித்தேன், இடது காலை ஓரமாக நீட்டிக்கொண்டு. சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனும் சிரித்தான். அன்றே பணத்தைக் கொடுத்து வண்டியைச் சூளகிரிக்கு ஓட்டிவந்துவிட்டேன்.

மறுநாள் காலை நல்ல குளிர். ஸ்டார்ட் செய்து டிரைவ் கியரில் போட்டேன். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். சட்டென்று ஒரு இடி இடித்துப் பாய்ந்து, காம்பவுண்டுச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்து, அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, வண்டியில என்னமோ…"

"ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் அப்படியே வுடு பாப்பா. சூடாயிடுச்சின்னா புடிச்சுக்கும். காலையில மட்டுந்தான் அப்படி."

நான் இன்னும் என்ன கோளாறு என்றே சொல்லவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெளிய எவனும் எடுக்கல பாப்பா. மாமா என் கழுத்தப் புடிச்சிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்" என்றான்.

முகம் தெரியாத புரோக்கர் என் தலையில் கட்டியிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். மழையில் எனக்காக நின்றவன் இவன். அன்று நான் போய்ச் சேருமுன் வண்டியைச் சூடேற்றி வைத்தவனும் இவனே. எனக்காகச் செய்தான் என்று உருகினேனே, அதை நினைத்தால்தான் இன்றுவரை வயிறு எரிகிறது.

குருபரப்பள்ளி மெக்கானிக் பார்த்தார். கியர்பாக்ஸுக்குள் ரப்பர் சீல்கள் இறுகிப்போய்விட்டன, பழுது பார்க்கும் செலவில் வேறு காரே வாங்கிவிடலாம், இன்னும் கொஞ்ச நாளில் சூட்டிலும் மக்கர் செய்யும் என்றார். சொன்னபடியே ஹைவேயில் லாரிக்கு முன்னால் ஒருமுறை செய்தது. அதோடு வண்டியை நிறுத்திவிட்டேன்.

அண்ணன் சமாதானத்துக்கு வந்தான். கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து ஒருவர் காரைப் பார்க்க வருகிறார் என்று சொல்லி, அவர் வருவதற்கு வெகு முன்பே வந்து கை நீட்டினான்.

"சாவியக் குடு. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறன்."

"எனக்குப் பண்ண மாதிரியா?"

"அவன் யாரோ எவனோ பாப்பா. நமக்கென்ன?"

"அப்ப நான் யாரு?"

அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். சாவியை என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

வந்தவர் மனைவிக்காகக் கார் தேடுகிறவர். அண்ணன் கன்னடத்தில் வண்டியின் பெருமையை அளந்துகொண்டிருந்தான். நான் குறுக்கே புகுந்து, எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், பிறகு ஸ்டார்ட் செய்து டிரைவில் போடுங்கள் என்றேன். இன்ஜின் உறுமியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அவர் இறங்கி அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் திட்டவில்லை. செருப்பை மாட்டியபடி, "நாளைக்குக் காலையில எப்பவும் போல வரட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

"வராத" என்றேன்.

மறுநாள் பஸ் கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில் வைத்து, இடது காலைப் பின்னால் இழுத்து, நின்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க ஏறினேன். முட்டியிலிருந்து இடுப்புவரை வலித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் தெருமுனையில், நான் கிளம்பி வந்த பிறகு வந்துசேர்ந்த அண்ணன் பைக்கை அணைக்காமல், நான் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். பஸ் கிளம்பியது. நான் அவனைக் கூப்பிடவில்லை.