மல்லாவிப் பக்கத்து வளைவு

மல்லாவி தாண்டி வரும் இந்த வீதி, சின்னஞ்சிறு ஊர் ஒன்றுக்குள் ஒரு பாலை மரத்தைச் சுற்றி வளைகிறது. என் வரைபடத்தில் அது நேர்கோடு. அகலப்படுத்தும்போது மரத்தை வெட்டுவதா விடுவதா என்று முடிவெழுத வந்திருக்கிறேன்.

தாழ்ந்த கிளை நிறைய வாடியதும் பச்சையுமாக யாரோ கட்டிய இலைக்கொத்துகள். எதிரே தேத்தண்ணிக் கடை அக்கா வேலியோரச் செடியில் ஓர் இலைக்குழையை முறித்து நீட்டுகிறார்.

"காட்டு வழி, தங்கச்சி. பிள்ளையாருக்குக் கட்டிட்டு வாங்கோ."

காட்டு வழி போகிறவர்கள் மரத்தில் குழை கட்டிப் பிள்ளையாரிடம் காவல் கேட்பது வழக்கம்தானே. கட்டிவிட்டு, ஊரின் கதையைக் கேட்கிறேன்.

"அம்மா அப்பா மலையகத்தில இருந்து வந்து காடு வெட்டேக்க, இதில குழை கட்டிப்போட்டுத்தான் கத்தி எடுத்தவை. கட்டின ஆள் இந்த மரத்தில கத்தி வைக்கிறேல்ல. சண்டையில மிச்ச மரமெல்லாம் போயிட்டுது, இது நிக்குது."

"வீதி ஏன் வளையுது?"

"முந்தி வீதி போடேக்க இதை வெட்ட வந்த மெசின் டிரைவரும் குழை கட்டிட்டார். பிறகென்ன, சுத்திக்கொண்டு போனார்."

"அவருக்கும் நீங்களோ முறிச்சுக் குடுத்தனீங்கள்?"

"ஓம்."

"நான் ஆரெண்டு தெரியுமோ அக்கா?"

"அளவு நாடாவோட வாறவையைத் தெரியாதோ? சீனி போடட்டோ?"

தேத்தண்ணி ஆறுமுன் பென்சிலை எடுத்து நேர்கோட்டை வளைக்கிறேன்.